காகித உருவத்தில் எழுதிய வயது

கோபே
ஜூலை 6

அன்புள்ள கிமியேவுக்கு,

உங்கள் ஊர் ஆலயக் கமிட்டித் தலைவரை நான் தள்ளவில்லை. குடை நுனியால் தொட்டேன். தொடுவது வேறு, தள்ளுவது வேறு.

கடிதத்தை வானிலையில் தொடங்குவதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் பக்கத்து வீட்டு ஒகாமுரா அம்மாள் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, உராகிஷி ஊரே என்னைப் பற்றிப் பேசுகிறது என்று சொன்ன பிறகு, மழையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவது, நான் சந்நிதியில் நின்று சிலுவைக் குறி போடவில்லை. கன்னியர் பள்ளியில் படித்தவள் என்பதால் எதையும் சொல்லிவிடலாமா? நெற்றிக்கு ஏறிய மூக்குக்கண்ணாடியைத் தொட்டேன், மார்பில் அதன் சங்கிலியைச் சரிசெய்தேன், இரண்டு தோளிலும் சால்வையை இழுத்துவிட்டேன். நான்கு இடங்கள். அதன் பிறகு எல்லோரையும் போல இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்கினேன். உங்கள் தலைவர் மூன்று முறை தட்டினார். அதை யாரும் பேசக் காணோம்.

மூன்றாவது, நாணல் வளையம். நீ உள்ளே முரசு அடித்துக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். வாசலில் கொடுத்த அச்சிட்ட தாளில் தெளிவாக இருந்தது: வளையத்துக்குள் நுழைந்து முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். பூசகர் சரியாகச் சுற்றி முடித்துப் போய்விட்டார். பின்னால் வந்த உங்கள் தலைவர் நிஷிவாக்கி ஐயா யாருடனோ மீன் விலை பேசிக்கொண்டே வலப்பக்கம் திரும்பினார்.

"ஐயா, முதல்ல இடது பக்கம்" என்றேன்.

"அம்மா, நாப்பது வருஷமா சுத்துறேன் நான்."

"நாப்பது வருஷமா தப்பாவா சுத்துறீங்க?"

இவ்வளவுதான் நடந்தது. நான் இடப்பக்கம் போனேன். எனக்குப் பின்னால் வந்த பெண்கள் என்னைத் தொடர்ந்தார்கள், ஆண்கள் அவரைத் தொடர்ந்தார்கள். இரண்டு வரிசையும் வளையத்தின் நடுவில் முட்டிக்கொண்டன. நாணல் பிய்ந்தது என் குடையால் அல்ல, யாரோ ஒருவருடைய கைப்பையால்.

உன் அண்ணன் போன இந்த ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக உங்கள் ஊருக்கு வந்தேன். ஜூன் கடைசியில் தீட்டுக் கழிக்கும் சடங்கைப் பற்றி யோஷிதகா அடிக்கடி சொல்வார், அதனால்தான் வந்தேன். உன் வீட்டில் சாப்பிட்ட பரா-சுஷிச் சோறு நன்றாக இருந்தது. காடி கொஞ்சம் கூடுதல்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ முரசை விட்டு வர முடியாததால், தீட்டை ஏற்றிக் கடலில் விடுகிற காகித மனித உருவத்தை உனக்காக நானே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெயர், வயது எல்லாம் தாளில் சொன்னபடியே, பழைய கணக்கில் ஓராண்டு கூட்டி. உன் சார்பில் மூன்று முறை ஊதியும் விட்டேன். எனக்கும் ஒன்று எழுதினேன். அதை எழுதத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

மழை விடவில்லை. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்.

செட்சுகோ

உராகிஷி
ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நல்ல வெயில். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்காலும் சுகம்.

சுஷியில் காடி எப்போதும் போடும் அளவுதான்.

முரசுக்கு இப்போது ஓய்வு.

வெயிலில் வெளியே போகாதீர்கள்.

கிமியே

கோபே
ஜூலை 24

அன்புள்ள கிமியேவுக்கு,

இங்கே சிள்வண்டுகள் காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகின்றன. நீ நலமா என்று உண்மையாகவே கேட்கிறேன். உன் கடிதத்தில் எண்ணிப் பார்த்தால் ஏழு வாக்கியம்தான். எங்கள் பள்ளியில் சிஸ்டர் ஒடில் இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்தால், தந்தி அடிக்கவா எழுதக் கற்றுக்கொடுத்தேன் என்று கேட்பார்.

முரசுக்கு ஓய்வு என்றால் என்ன? தோல் கிழிந்துவிட்டதா? உன் அப்பாவுக்குப் பிறகு ஒரு திருவிழாவில்கூட அந்த முரசை நீ விட்டதில்லை என்று யோஷிதகா சொல்வார். ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில்கூட ஒவ்வொரு திருவிழாவுக்கும் அடிப்பதற்கென்றே ரயில் ஏறி வந்தவள் நீ.

பித்ருக்கள் வீட்டுக்கு வரும் நாள்கள் நெருங்குகின்றன. உன் அண்ணனுக்குப் பிடித்த பார்லி தேநீரும் ஊதுவத்தியும் தனியாக அனுப்பியிருக்கிறேன். உறையைப் பிரித்துத் தேநீரை டப்பாவில் போட்டு வை. நமுத்துப் போகும்.

செட்சுகோ

கோபே
ஆகஸ்ட் 20

அன்புள்ள கிமியேவுக்கு,

பொதி வந்து சேர்ந்ததாக அஞ்சல் அலுவலகம் சொல்கிறது. நீ ஒன்றும் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று ஒகாமுரா அம்மாளைக் கேட்டேன். "அவங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பேரை எடுத்தா வாசக்கதவைச் சாத்திடறாங்க" என்றார்.

நான் செய்த தவறு என்ன என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன். தெரியாமல் திருத்த எனக்குப் பழக்கமில்லை.

செட்சுகோ

உராகிஷி
ஆகஸ்ட் 27

அண்ணிக்கு,

வெயில் எப்படி என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

எழுபது நிறைந்தவர்கள் ஆலயத்தில் எந்தப் பணியும் செய்யக்கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு விதி. என் தாத்தா காலத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் முரசின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாராம். அதற்காகப் போட்டது. உங்களுக்கு இது தெரியாது. எனக்கு நான்கு வருடமாக அறுபத்தொன்பது வயது என்பதும் உங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

நீங்கள் அழகான கையெழுத்தில், தூரிகையால், பெரிய எழுத்தில் எழுதினீர்கள்: குவாபரா கிமியே, வயது 74.

உருவங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கடலில் விடுவது தலைவர் பொறுப்பு. நீங்கள் குடையால் குத்திய அதே தலைவர். மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

"கிமியே அம்மா, உங்களுக்கு எத்தனை வயசு?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"எனக்குத் தெரியும். உங்க அண்ணிக்கும் தெரிஞ்சிருக்கு. வேற வேற மாதிரி தெரிஞ்சிருக்கு, அதான் கேக்கறேன்."

முரசுக்கோல்களைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டேன். என் அப்பா செதுக்கிய கோல்கள், அண்ணி. இப்போது வங்கியில் வேலை பார்க்கும் சுஜி என்ற இளைஞருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு முப்பத்திரண்டு வயது. கரோக்கேயில் நன்றாகப் பாடுவாராம். அதுதான் தகுதி.

உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இருந்தது. நன்றி.

தேநீர் நமுத்துப் போகவில்லை.

கிமியே

கோபே
செப்டம்பர் 4

உராகிஷி ஆலயக் கமிட்டித் தலைவர் மதிப்பிற்குரிய நிஷிவாக்கி ஐயா அவர்களுக்கு,

பனி இறங்கத் தொடங்கும் இந்தப் பருவத்தில் தங்கள் உடல்நலம் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். விலாவில் குடை பட்ட இடம் ஆறியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

என் நாத்தனார் குவாபரா கிமியேயின் பெயரில் ஜூன் மாதம் பெட்டியில் போடப்பட்ட காகித உருவம் செல்லாதது. காரணம் எழுதுகிறேன். தங்கள் ஆலயம் அச்சிட்ட தாளின்படி, உருவத்தில் பெயரும் வயதும் எழுதி, அவரவர் உடலைத் தடவி, அவரவரே மூன்று முறை ஊத வேண்டும். அந்த உருவத்தை எழுதியவள் நான். தடவியது என் தோளை. ஊதியது என் மூச்சு. கிமியே அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அந்தத் தாள் அவளைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

மேலும், அந்தத் தாள் தெய்வத்துக்கு எழுதியது. தங்களுக்கு எழுதியது அல்ல.

முரசுக்கோல்களைத் திருப்பிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குவாபரா செட்சுகோ

உராகிஷி
செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய குவாபரா அம்மையாருக்கு,

இங்கே இலையுதிர்காலக் கணவாய் மீன் வரத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். குடை பட்ட இடம் விலா அல்ல, முழங்கை. ஆறிவிட்டது.

தங்கள் கடிதத்தைக் கமிட்டியில் சத்தமாகப் படித்தேன். பூசகர் அவர்கள், உருவத்தைப் பற்றி அம்மையார் சொல்வது முழுவதும் சரி, செல்லாது என்றே சொல்லிவிட்டார். எனக்கும் சரி.

ஆனால் அம்மையார் உண்மை பேசுகிறவர் என்று ஊருக்கே தெரியும். எனவே ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கிமியே அம்மாவுக்கு எழுபது நிறைந்துவிட்டதா, இல்லையா? இல்லை என்று தாங்கள் எழுதினால் அன்றே கோல்களை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கு அவர் மேல் கோபம் ஏதும் இல்லை. விதி இருக்கிறது, அவ்வளவுதான்.

நிஷிவாக்கி

கோபே
செப்டம்பர் 22

மதிப்பிற்குரிய நிஷிவாக்கி ஐயா அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி.

அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். பொய் எழுத எனக்குப் பழக்கமில்லை. உண்மையை எழுத அது என்னுடைய வயது அல்ல. ஜூன் மாதம் ஒருமுறை பிறர் வயதை எழுதிவிட்டேன், இனி எழுதுவதாக இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். விதி எல்லாப் பணிக்கும் பொதுவானது என்கிறார்கள். அப்படியானால் ஒருத்தியின் வயதை மட்டும் ஏன் படிக்கிறீர்கள்? கமிட்டியில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் வயதைத் தம் கையால் எழுதி மேசைமேல் வைக்கட்டும். உருவம் எழுதுகிற எவரும் சரியான வயதையே எழுதட்டும், உள்ளூர்க்காரர் ஆனாலும் வெளியூர்க்காரர் ஆனாலும். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். இதுதான் நியாயம்.

குவாபரா செட்சுகோ

உராகிஷி
அக்டோபர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

காற்றில் குளிர் வந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது. ஜூலைக் கடிதத்தில் சுகம் என்று எழுதியது பொய்.

ஒகாமுரா அம்மாள் உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். அவர் சொன்னால் நான் தலைவரைக் கடித்தேன் என்று ஆகிவிடும்.

நேற்று இலையுதிர்காலத் திருவிழா. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு சுஷிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுஜி புது அங்கி போட்டு வந்திருந்தார். முதல் அடி நன்றாக விழுந்தது. பிறகு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, நிறுத்தவே இல்லை. முரசு நின்றால்தானே பூசகர் காகிதக் குஞ்சம் கட்டிய கோலை இறக்க முடியும்? அவர் வீசிக்கொண்டே இருந்தார். தலைகுனிந்திருந்த எங்களுக்குக் கழுத்தெல்லாம் நோக ஆரம்பித்தது. இரண்டு பேர் எழுந்தார்கள், மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் மரக்கிளையைக் காணிக்கை வைக்கப் போனார். தாளம் புரியாமல் கிளையை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று திருப்பிக்கொண்டே இருந்து, கடைசியில் காம்பைத் தெய்வத்தின் பக்கம் வைக்காமல் தன் பக்கமே வைத்துக் காணிக்கை கொடுத்தார்.

"தலைவருக்கே காணிக்கை குடுக்குறாரு தலைவரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு அடங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை, அண்ணி. சத்தியமாகத் திட்டம் ஒன்றும் இல்லை. மடியில் சுஷிப் பெட்டி இருந்தது. மூடியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளால் அடித்தேன். அப்பாவின் தாளம். மெதுவாகத்தான் அடித்தேன். முதலில் பூசகர் திரும்பிப் பார்த்தார். பிறகு சுஜி நிறுத்தினார். பிறகு எல்லோரும் மூடிக்குத் தகுந்தபடி எழுந்தார்கள், வணங்கினார்கள், கைதட்டினார்கள். தலைவர்கூட இரண்டே முறைதான் தட்டினார்.

முடிந்ததும் சுஜி நேரே என்னிடம் வந்தார். "அம்மா, வங்கியில லீவு கேக்கறதே கஷ்டம். இந்தக் கோலை நீங்களே வெச்சுக்கக்கூடாதா?" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. தலைவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

நீங்கள் அவருக்கு எழுதியது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சத்தமாகப் படித்தாராம்.

சுஷி முழுவதும் மீந்துவிட்டது. காடி கொஞ்சம் கூடுதல்தான்.

கிமியே

உராகிஷி
நவம்பர் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நண்டுக்காலம் தொடங்கிவிட்டது. நேற்று நிஷிவாக்கி ஐயா இரண்டு பெரிய நண்டும், துணியில் சுற்றிய நீளமான ஒன்றும் கொண்டுவந்தார். நண்டை முதலில் கொடுத்தார். வேண்டுமென்றே.

நடந்தது இதுதான். உங்கள் இரண்டாவது கடிதத்தைப் பூசகர் விடவில்லை. படித்தாக வேண்டும், எழுதியாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். கமிட்டியில் ஒன்பது பேர். எல்லோரும் வயதை எழுதி மேசைமேல் வைத்தார்கள். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அறுபத்தொன்பது வயது. பூசகர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது மேசை, ஆனாலும் தெய்வம் பக்கத்து அறையிலதான் இருக்கு" என்றாராம். தாள்களைத் திரும்ப வாங்கி எழுதினார்கள். நிஷிவாக்கி ஐயாவுக்கு எழுபத்திரண்டு.

"விதி விதிதான், கிமியே அம்மா. அதனால விதியை மாத்திட்டோம். இனிமே எழுபத்தஞ்சு" என்றார். பிறகுதான் கோல்களைக் கொடுத்தார். எண்ணெய் தடவி வைத்திருந்தார், அண்ணி.

ஆக எனக்கு இன்னும் இரண்டு வருடம். அதற்குள் சுஜியின் மகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். அவளுக்கு இப்போது மூன்று வயது. பேச்சுக்குச் சரி என்றேன்.

ஒரு நிபந்தனை உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஆண்டுக்கடைசித் தீட்டுக் கழிப்பில், உருவம் எழுதுகிற எல்லோரும் சரியான வயதையே எழுத வேண்டும், உள்ளூர்க்காரர் ஆனாலும் வெளியூர்க்காரர் ஆனாலும். உங்கள் சொற்களை அப்படியே அச்சடித்து ஆலயத்தின் தோரீ வாயிலில் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் வருவீர்கள் என்று நிஷிவாக்கி ஐயா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வளையத்துக்குப் பக்கத்தில் "முதலில் இடப்பக்கம்" என்று பெரிய பலகையும் வைக்கப் போகிறாராம். டிசம்பரில் வளையம் உண்டா என்று கேட்டேன். உங்களுக்காகக் கட்டுகிறார்களாம்.

வேறொன்றுமில்லை. அண்ணன் இறந்தபோது குடும்பப் பதிவேட்டின் நகல் வாங்க நகராட்சிக்குப் போனது நான்தான், நினைவிருக்கிறதா? பிறந்த தேதிகள் எல்லாம் அதில் அச்சில் இருக்கும். சும்மா நினைவு வந்தது.

நண்டை இரண்டு பேர் சாப்பிட்டால்தான் தீரும்.

கிமியே

கோபே
டிசம்பர் 8

அன்புள்ள கிமியேவுக்கு,

குளிர் நடுக்குகிறது. உன் முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை ஒன்று பின்னி இதனுடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. பிரித்துப் பின்னவில்லை. உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே பின்னியது.

ஜூன் மாதம் என் உருவத்தில் எழுபத்தைந்து என்று எழுதினேன். அதே பழைய கணக்கில் எனக்கு எழுபத்தொன்பது.

பெண் பார்க்க வந்தபோது தரகர் அம்மாள் உன் அம்மாவிடம், "பொண்ணு மாப்பிள்ளைய விட ரெண்டு வயசு சின்னவ" என்றாள். நான் பெரியவள், இரண்டு வயது. நான் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை. இது இரண்டும் வேறு வேறு என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டதும் பொய்யில் சேரும் என்பார் சிஸ்டர் ஒடில். பிறருடைய கடிதங்களில் மட்டும் அதை நான் நினைவில் வைத்திருந்தேன்.

திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது உன் அண்ணன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "முத்திரை எங்க வைக்கணும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கில் நான்கு மெழுகுவர்த்தியைக் குறைத்தே வைத்தார். உன் அம்மாவுக்கு முன்னால் என்னைச் சின்னப்பெண் என்று கூப்பிட்டார்.

ஆக, கடலுக்குப் போனது யாரோ ஓர் எழுபத்தைந்து வயதுக்காரியின் தீட்டு. என்னுடையது இன்னும் கோபேயில் என்னோடுதான் இருக்கிறது.

நீ ஆறு ஆண்டுகளாகத் தெரிந்துவைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நான் உன் வயதை ஒரு நிமிடத்தில் ஊருக்கு எழுதிக் காட்டினேன், அதுவும் தூரிகையால். கோல்களை நீ அவர் கையில் கொடுத்த காலையை இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடு. இந்தச் சொல்லை நான் முன்பு உனக்கு எழுதியதில்லை. பழைய கடிதங்களைப் பார்த்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தால், எழுபத்தொன்பது என்று எல்லோர் முன்னாலும் எழுத வேண்டியிருக்கும். அந்த விதியைக் கேட்டவளே நான்தான். உன் ஊர், உன் அம்மாவின் ஊர். உன் அம்மா கடைசிவரை நம்பியிருந்தார். அங்கே அப்படி எழுதினால் உனக்குத் தலைகுனிவாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றால் நான் வரவில்லை, வருத்தமும் இல்லை. கடைசி இரண்டு சொற்கள் உண்மையல்ல.

இருக்காது என்றால், காலை எட்டேகால் ரயில் இருக்கிறது. நீ அடிக்கும் முரசை இந்தமுறை உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான் வரலாமா, வேண்டாமா? தொலைபேசியில் கூப்பிடாதே, ஒகாமுரா அம்மாளிடமும் சொல்லி அனுப்பாதே. கடிதமாக எழுதி அனுப்பு.

செட்சுகோ